சைக்கிள்கள் கீழே, டீச்சர் மேலே

1

இந்த வாரம் திங்கட்கிழமையிலிருந்து எங்கள் ஊர் ரயில் நிலையத்தில் லிஃப்ட் வேலை செய்யவில்லை. எங்கள் ஊர் என்று நான் இப்போது சொல்வது தெற்கு ஜெர்மனியில் ஒரு சிறு நகரத்தை. கீழ்பென்னாத்தூர்க்காரி ஒருத்தி இப்படிச் சொல்வதைக் கேட்டு நீங்கள் முகம் சுளிக்கலாம். சுளித்துக்கொள்ளுங்கள். குளிரில் உட்கார்ந்திருப்பவள் நான்தானே.

லிஃப்ட் கதவில் ஒரு காகிதம் ஒட்டியிருக்கிறார்கள். சிரமத்துக்கு வருந்துகிறார்களாம். வருத்தம் நல்ல தடித்த எழுத்தில், ஒரு பிழை இல்லாமல் அச்சாகியிருக்கிறது. லிஃப்ட் எப்போது சரியாகும் என்பது மட்டும் இல்லை. சக்கர நாற்காலியில் வருபவர்கள் அடுத்த நிலையத்துக்குப் போய் ரயில் ஏறலாம் என்று ஒரு யோசனையும் சொல்லியிருக்கிறார்கள். அடுத்த நிலையத்துக்கு எப்படிப் போவது? ரயிலில்தான்.

என் நாற்காலியைச் சுற்றிக்கொண்டு ஜனங்கள் ஓடுகிறார்கள். ஒருவரும் என்னைப் பார்ப்பதில்லை. பார்ப்பது அநாகரிகம் என்று சின்ன வயதிலேயே சொல்லி வளர்த்துவிட்டார்கள். நம்ம ஊராக இருந்தால் இந்நேரம் நாலு பேர் ஓடிவந்து, என்னை ஒரு வார்த்தை கேட்காமல், ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கி, நான் போக நினைக்காத பிளாட்பாரத்தில் கொண்டுபோய் வைத்திருப்பார்கள். போகிறபோது "பாவம்" என்று ஒரு சொல்லையும் இனாமாக விட்டுவிட்டுப் போயிருப்பார்கள்.

அப்படி உட்கார்ந்திருந்தபோதுதான் வசந்தாவிடமிருந்து போன் வந்தது. அவள் சொன்னதைக் கேட்டு நான் சிரித்த சிரிப்பில், பார்க்கவே கூடாது என்று வளர்க்கப்பட்ட இரண்டு பேர் திரும்பிப் பார்த்துவிட்டார்கள். அவள் சொன்னது உங்களுக்குப் புரிய வேண்டுமானால், போன ஆகஸ்டில் நான் ஊருக்கு வந்த கதையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

2

வசந்தாவும் நானும் பள்ளியில் ஒரே வகுப்பு. அந்த வகுப்பில் போலியோ வந்த பிள்ளைகள் நாங்கள் இரண்டு பேர்தான். இருவரையும் ஒரே பெஞ்சில் உட்காரவைத்தார்கள். பள்ளிக்கு வருகிற பெரிய மனிதர்கள் ஒரே இடத்தில் நின்று பரிதாபப்பட்டுவிட்டுப் போக அது வசதி. நான் கத்துகிற ரகம். வசந்தா கணக்குப் போடுகிற ரகம். நான் கத்திக் கத்தி ஜெர்மனி வரைக்கும் வந்து, ஒரு நிறுவனத்தில் மென்பொருளில் குற்றம் கண்டுபிடிக்கிற வேலையில் சேர்ந்தேன். குணத்துக்கேற்ற வேலை என்று வீட்டில் பேச்சு. வசந்தா கணக்கு டீச்சரானாள். இடது காலில் கேலிப்பர் என்கிற இரும்புத் தாங்கி, கையில் ஊன்றுகோல். கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறாள். 'எடுத்துக்கொண்டிருந்தாள்' என்று சொல்ல வேண்டிய நிலைமை போன ஜூன் மாதம் வந்தது.

பள்ளிக்குப் புதுக் கட்டடம் கட்டியிருந்தார்கள். மாடிக் கட்டடம். பத்தாம் வகுப்பு மாடிக்குப் போய்விட்டது. சரிவுப் பாதை கிடையாது. படியோரம் கைப்பிடி வைக்க வேண்டிய இடத்தில், விடாமுயற்சியைப் பற்றிச் சுவரில் பெயின்டால் எழுதியிருந்தார்கள்.

ஹெச்.எம். நல்ல மனிதர். இதைக் கிண்டலாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே நல்லவர், அதுதான் தொந்தரவே. கெட்டவர் என்றால் சண்டையாவது போடலாம்.

"டீச்சர், நீங்க எதுக்குக் கஷ்டப்படணும்? பேசாம கீழயே உக்காருங்க. லைப்ரரி சாவிய வாங்கிக்கங்க, கம்ப்யூட்டர்ல அட்டென்டன்ஸ் ஏத்துங்க. சம்பளம் ஒண்ணும் கம்மியாவாது. பத்தாவத சயின்ஸ் சார் பாத்துப்பாரு," என்றாராம்.

"எனக்குக் கஷ்டம் ஒண்ணும் இல்ல சார். படிதான் கஷ்டம். கிளாஸக் கீழ கொண்டாந்துடலாமே," என்றிருக்கிறாள் வசந்தா.

"கீழ எங்க டீச்சர் ரூம் இருக்குது?"

கீழே ஒரு பெரிய அறை இருந்தது. ஆனால் அதில் சைக்கிள்கள் குடியிருந்தன. பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அரசாங்கம் இலவசமாகக் கொடுக்கிற சைக்கிள்கள். வந்து இறங்கி, பாகம் பாகமாகப் பூட்டி, காற்றடித்து, வரிசையாக நிற்கின்றன. எடுத்துக் கொடுத்துவிட்டால் அறை காலி. ஆனால் கொடுக்க வேண்டியவர் ஒரு சிறப்பு விருந்தினர். அவர் தேதி கொடுத்தால்தான் விழா, விழா நடந்தால்தான் சைக்கிள் உருளும். அதுவரைக்கும் பிள்ளைகள் நடந்தே பள்ளிக்கு வந்து, ஜன்னல் வழியாகத் தங்கள் சைக்கிளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, நடந்தே வீட்டுக்குப் போவார்கள்.

"அப்ப சைக்கிள மாடில வெச்சுட்டு, கிளாஸக் கீழ வெச்சுக்கலாமா சார்?"

"சைக்கிள எப்பிடி டீச்சர் மாடிக்கு ஏத்த முடியும்?" என்றாராம் அவர், விவரம் தெரியாத பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி.

இதைப் போனில் கேட்டபோது நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டினார். நான் முடித்ததும் வசந்தா சொன்னாள்: "இத்தன வருஷமா எடுத்த கிளாஸுடி. லைப்ரரில உக்காந்தா, மேல அவங்க பெஞ்சு இழுக்கற சத்தம் கேக்குது. எனக்கு என் கிளாஸ் வேணும். வேற ஒண்ணும் வேணாம்." வசந்தா அழுகிறவள் இல்லை. அன்றைக்குக் குரல் ஒரு மாதிரி இருந்தது.

3

இந்த நாட்டுக்கு வந்து நான் கற்றுக்கொண்ட கலை, கடிதம் எழுதுவது. சில வருஷங்களுக்கு ஒரு முறை ஊனமுற்றோருக்கான அரசு அலுவலகத்திலிருந்து ஓர் உறை வரும். உங்கள் உடல்நிலையில் முன்னேற்றம் உண்டா என்று கேட்டிருப்பார்கள். அதாவது, போலியோ போய்விட்டதா என்று. இல்லை, இன்னும் என்னோடுதான் இருக்கிறது, சௌக்கியமாக இருக்கிறது என்று பதில் எழுதுவேன். அவர்களும் நன்றி சொல்லிக் கோப்பை மூடுவார்கள்.

வந்த புதிதில் ஒரு நாள், நேரம் குறித்திருந்த அலுவலகத்துக்குப் போக முடியவில்லை. போன் செய்து, வர இயலவில்லை என்று சொல்வதாக நினைத்துக்கொண்டு, 'நான் ஊனமுற்றவள்' என்று சொல்லிவிட்டேன். ஜெர்மன் மொழியில் இரண்டும் அக்கா தங்கை மாதிரி இருக்கும். எதிர்முனையில் இருந்த அம்மாள் நிதானமாக, "அது எங்கள் கோப்பில் ஏற்கெனவே இருக்கிறது. இன்றைக்கு வருகிறீர்களா, இல்லையா?" என்றார். அந்தக் குரலில் மருந்துக்குக்கூட ஒரு பரிதாபம் இல்லை. அந்த அம்மாளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது எனக்கு.

என் மகள் யாழினி இங்கேயே பிறந்து வளர்ந்தவள். தமிழ் பேசுவாள், மூக்கைப் பிடித்துக்கொண்டு கஷாயம் குடிக்கிற மாதிரி. கேட்காமல் என் நாற்காலியைத் தொடமாட்டாள். அப்படித்தான் வளர்த்தேன். ஆகஸ்டில் ஊருக்கு வந்தபோது அது பெரிய குற்றமாகிவிட்டது.

"பெத்த பொண்ணு, அம்மாவத் தள்ளிக்கினு போவாதா? இன்னா வளர்ப்பு வளத்துக்கிற?" என்று என் அண்ணி கேட்டாள்.

"அம்மா என்னைக் கேக்கல," என்றாள் யாழினி. அண்ணிக்கு அது எதிர்த்துப் பேசுவதாகப் பட்டது. இரண்டு நாள் அவளுக்கு மட்டும் தோசை முறுகவில்லை.

அந்தப் பயணத்தில் ரமணாசிரமம் பக்கம் ஒரு கடைக்குக் காபி குடிக்கப் போனோம். அங்கே காவி வேட்டி கட்டிய ஒரு வெள்ளைக்காரர் என் நாற்காலிக்கு முன்னால் கண்ணை மூடிக் கைகூப்பி நின்றுவிட்டார். நடக்க முடியாதவளுக்கு ஞானம் ஜாஸ்தி என்று யாரோ அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும். கொஞ்சம் முன்னால்தான் அவர் ஜெர்மனில் போன் பேசியதைக் கேட்டிருந்தேன். அதே மொழியில், "கொஞ்சம் நகர்ந்தீர்கள் என்றால் நான் கழிப்பறைக்குப் போவேன்," என்றேன். பாவம், அவருடைய தியானம் அன்றைக்கு அவ்வளவுதான்.

4

எனக்குத்தான் கடிதக் கலை தெரியுமே, மனுவை நான் எழுதித் தருகிறேன் என்று வசந்தாவிடம் சொன்னேன்.

"வேணாம். நானே எழுதிட்டேன். ஒரு பக்கந்தான். நீ கூட வா, ஆனா வாயத் தொறக்காத. என் கிளாஸுக்கு நான்தான் பேசணும்," என்றாள்.

வேங்கிக்காலில் ஓர் அரசு அலுவலகம். எது என்று சொல்லப்போவதில்லை. நாளைக்கே அங்கே ஒரு கையெழுத்துக்காக நான் போய் நிற்க வேண்டிவரும். வசந்தா, நான், யாழினி மூவரும் ஓர் ஆட்டோவில் போய் இறங்கினோம். வாசலில் இருந்த ஊழியர் ஊன்றுகோலைப் பார்த்தார், சக்கர நாற்காலியைப் பார்த்தார், பிறகு எங்கள் இரண்டு பேரையும் தாண்டி யாழினியைப் பார்த்தார்.

"பாப்பா, இவங்களுக்கு இன்னா வேணுமாம்?"

"எனக்குத் தெரியாது. நீங்க அவங்களக் கேளுங்க. கால் மட்டும்தான் வேலை செய்யல. வாய் வேலை செய்யுது," என்றாள் யாழினி.

"வெளிநாடா?" என்று மறுபடியும் அவளையே கேட்டார்.

"ஐயா, நான் டீச்சர். ஒரு மனு கொடுக்கணும். அதிகாரியப் பாக்கணும்," என்றாள் வசந்தா.

"பாக்கலாம்மா. உங்களுக்காகத்தான இன்னிக்கு எல்லாம் நடக்குது. உள்ள வாங்க."

உள்ளே கூடத்தில் முதல் வரிசையில் வசந்தாவுக்கு நாற்காலி போட்டார்கள். மோர் கொடுத்தார்கள். நான் இல்லாத வருஷங்களில் நம்ம ஊர் அலுவலகம் இவ்வளவு மாறிவிட்டதா என்று அசந்துபோனேன். ஒரு பெண் வந்து பெயரெல்லாம் கேட்டு எழுதிக்கொண்டு, எங்கள் புடவையில் ஆளுக்கொரு ரோஜாப்பூவைக் குத்திவிட்டுப் போனாள். மனு கொடுக்க வந்தவளுக்கு எந்த ஊரில் ரோஜாப்பூ குத்துகிறார்கள்? அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

விஷயம் இதுதான். அன்றைக்கு அந்தக் கூடத்தில் வியாபாரிகள் சிலர் சேர்ந்து நடத்துகிற உதவி வழங்கும் விழா. ஊன்றுகோலோடு ஒருத்தியும் சக்கர நாற்காலியோடு ஒருத்தியும் வந்து நின்றால், வேறு எதற்கு வந்திருப்பார்கள்? மைக்கில் வசந்தாவின் பெயரைச் சொன்னார்கள். அவள் மனுவோடு முன்னால் போனாள். அதிகாரி மேடையிலிருந்து இறங்கி வந்தார். அவள் மனுவை நீட்டினாள். அவர் அதை வாங்கி, பார்க்காமலே பின்னால் நின்றவரிடம் கொடுத்துவிட்டு, ஒரு புத்தம் புதுச் சக்கர நாற்காலியின் கைப்பிடியை எடுத்து அவள் கையில் வைத்தார். கேமராக்காரர்கள் நெருங்கிவந்தார்கள்.

"சார், நான் இதுக்கு வரல. எனக்குப் பத்தாம் கிளாஸ் வேணும் சார்," என்றாள் வசந்தா.

"படிக்கலாம்மா, தாராளமா படிக்கலாம். படிப்புக்கு வயசே கிடையாது," என்றார் அவர். கூடம் முழுக்கக் கைதட்டியது.

அடுத்தது என் பெயர். நான் ஏற்கெனவே ஒரு சக்கர நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறேன் என்பது அங்கே ஒருவர் கண்ணிலும் படவில்லை. எனக்கும் ஒன்று கொடுத்தார்கள். வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் மைக்கில் இருந்தவர், சகோதரி உணர்ச்சிவசப்பட்டுப் பேச முடியாமல் தவிக்கிறார் என்று அறிவித்துவிட்டார். என் வாழ்நாளில் என்னைப் பேச முடியாதவள் என்று சொன்ன முதல் ஆள் அவர்தான்.

போகும்போது ஓர் ஆட்டோ, வரும்போது இரண்டு. கீழ்பென்னாத்தூர் நெருங்கும்போது வசந்தா, "மனு இப்ப யாராண்ட இருக்குதுன்னே தெரியலடி," என்றாள்.

5

மறுநாள் படம் பத்திரிகையில் வந்தது. சொந்தக்காரர்கள் எல்லோரும் எனக்கு வாழ்த்துச் சொன்னார்கள். ஜெர்மனியில் வேலை பார்ப்பவளுக்கு ஓசியில் ஒரு நாற்காலி கிடைத்ததில் அண்ணிக்கு மட்டும் உண்மையான சந்தோஷம். அதில் வேர்க்கடலையைக் காயப்போட்டாள், வெயில் நகர நகர அதைத் தள்ளிக்கொண்டும் போனாள். தள்ளச் சொல்லி யாரும் அவளைக் கேட்கவில்லை. வசந்தா வீட்டிலோ இது மூன்றாவது. தெருவிளக்குக்கு பல்ப் வேண்டும், பஸ் நிற்க வேண்டும் என்று அவள் எதைக் கேட்டுப் போனாலும் கடைசியில் வீட்டுக்கு ஒரு சக்கர நாற்காலி வந்துவிடுகிறது.

ஹெச்.எம். வசந்தா வீட்டுக்கே ஸ்வீட் பாக்ஸோடு வந்தார். நானும் அங்கே இருந்தேன்.

"டீச்சர், பிரச்சனை தீந்துச்சு. இப்பதான் வண்டி வந்துடுச்சுல்ல? பன்னெண்டாவது பசங்க நாலு பேரச் சொல்லிவெச்சுட்டேன். நல்ல தாட்டியான பசங்க. காலைல உங்கள வண்டியோட தூக்கி மாடில வெச்சுடுவாங்க, சாய்ந்தரம் இறக்கிடுவாங்க. திங்கக்கிழமையே ஆரம்பிச்சுடலாம். தமிழ் ஐயா வீடியோ எடுக்கறேன்னுட்டாரு. நம்ம பசங்களோட மனிதநேயம் நாலு பேருக்குத் தெரியட்டும்."

"நான் என்னா உற்சவரா சார், தினமும் தூக்கிக்கினு போறதுக்கு?"

அவர் முகம் சுருங்கிவிட்டது. "இவ்ளோ பண்றோம் டீச்சர். நீங்க இப்பிடிப் பேசினா எப்பிடி?" என்றார். மனசுக்குள் நன்றி கெட்டவள் என்று திட்டியிருப்பார், ஆனால் நல்லவர் என்பதால் வெளியே சொல்லவில்லை.

வசந்தா ஸ்வீட் பாக்ஸை மூடி ஓரமாக வைத்தாள். "திங்கக்கிழம வந்துடறேன் சார்," என்றாள்.

அவர் போனதும் நான் அவள்மேல் பாய்ந்தேன். "ஏண்டி ஒத்துக்கின?"

"நான் எங்க ஒத்துக்கினேன்? வர்றேன்னுதான சொன்னேன்."

6

திங்கட்கிழமை காலை பள்ளிக்கு நானும் யாழினியும் போயிருந்தோம். மறுநாள் எங்களுக்கு விமானம். படிக்கட்டின் கீழே புது நாற்காலி தயாராக இருந்தது. பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார். தமிழ் ஐயா போனை உயர்த்திப் பிடித்து நின்றார். அந்த நாலு பையன்கள்தான் பாவம். தங்களுக்குக் கணக்கு எடுத்த டீச்சரைத் தூக்கச் சொன்னால் எப்படி இருக்கும்? முகமெல்லாம் வேர்த்து, தரையைப் பார்த்து நின்றார்கள்.

வசந்தா நாற்காலியில் உட்காரவில்லை. ஊன்றுகோலை ஊன்றி நின்றபடியே, "சார், ஒரு கணக்கு," என்றாள்.

"சொல்லுங்க டீச்சர்."

"என்னத் தினமும் ஏத்தணும், இறக்கணும். வருஷம் பூராவும். சைக்கிள ஒரே ஒரு வாட்டி ஏத்தினாப் போதும். இதுல எது சார் வேல ஜாஸ்தி?"

ஹெச்.எம். படியைப் பார்த்தார். "சைக்கிள எப்பிடி டீச்சர்..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். பக்கத்தில் நாலு தாட்டியான பையன்கள் நின்றார்கள்.

"படில கால் தவறினா சைக்கிளுக்கு ஒரு கீறல். நான் விழுந்தா?" என்றாள் வசந்தா.

அதுவரை மனிதநேயத்தில் உருகிக்கொண்டிருந்த கழகத் தலைவர் திடுக்கிட்டு நிமிர்ந்தார். "சார், டீச்சர் சொல்றது நாயம். எதுனா ஆயிட்சுன்னா கேஸு ஆயிடும். என் பேரும் வரும்," என்றார். மனித உரிமை, சட்டம், சமத்துவம் என்று நான் மனசுக்குள் தயாராக வைத்திருந்த பேச்சு எதுவும் தேவைப்படவில்லை. வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். அது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

ஹெச்.எம். சாவியை எடுத்தார். கதவு திறந்ததும் பதினோராம் வகுப்பே ஓடிவந்துவிட்டது. அவரவர் சைக்கிளை அவரவரே மாடிக்குத் தூக்கிப் போக அப்படி ஒரு போட்டி. உருட்டத்தான் கூடாது, தூக்கலாம் இல்லையா? பத்தாம் வகுப்பு தன் பெஞ்சுகளைத் தானே சுமந்து இறங்கியது. எதைப் படம் எடுப்பது என்று தெரியாமல் தமிழ் ஐயா போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

வசந்தா கடைசியாக அந்த அறைக்குள் போனாள். பிள்ளைகள் எழுந்து நின்றார்கள். "உக்காருங்க. சயின்ஸ் சார் எதுவரைக்கும் நடத்திக்கிறாரு?" என்றாள். நான் வெளியே ஜன்னலோரம் உட்கார்ந்து அழுதேன். நல்லவேளை, அதை யாரும் படம் எடுக்கவில்லை. யாழினி பக்கத்தில் வந்து, "தள்ளட்டுமா, இல்ல இங்கயே இருக்கணுமா?" என்று கேட்டாள். இங்கேயே இருக்கலாம் என்றேன்.

7

இப்போது ரயில் நிலையத்தில் வந்த போனுக்கு வருகிறேன்.

சிறப்பு விருந்தினர் ஒருவழியாகத் தேதி கொடுத்துவிட்டாராம். ஆகஸ்டிலிருந்து இத்தனை மாதம் சைக்கிள்கள் மாடியில் காற்று வாங்கிக்கொண்டிருந்தன, பிள்ளைகள் நடந்துகொண்டிருந்தார்கள். தேதி வந்ததும் ஹெச்.எம். நேராக வசந்தாவின் வகுப்பு வாசலில் வந்து நின்றிருக்கிறார். அவள் அப்போது போர்டில் ஒரு தேற்றத்தைப் பாதி எழுதியிருந்தாளாம்.

"டீச்சர், விழாவுக்கு வர்ற தலைவருக்கு ரெண்டு முட்டியும் ஆபரேஷன் ஆயிருக்குதாம். சைக்கிள் நிக்கிற இடத்துலதான் விழா வெக்கணுமாம், ஆனா மாடி ஏற மாட்டாராம். விழா முடியற வரைக்கும் சைக்கிளத் திரும்ப இந்த ரூம்ல வெச்சுட்டு, கிளாஸ மேல அனுப்பிடலாமா? நீங்க அதுவரைக்கும் லைப்ரரில உக்காந்துக்கங்க. அவரு பெரியவரு. முடியாதவரு. அவரக் கஷ்டப்படுத்த முடியுமா, சொல்லுங்க."

வசந்தா சாக்பீஸைக் கீழே வைக்கவில்லை. "எதுக்கு சார் அவரு கஷ்டப்படணும்? எங்க வீட்ல மூணு வண்டி சும்மாதான் இருக்குது. ஒண்ணு கொண்டாரேன். பன்னெண்டாவது பசங்க தூக்கிக்கினு போயி மாடில வெச்சுடுவாங்க, முடிஞ்சதும் இறக்கிடுவாங்க. தமிழ் ஐயா வீடியோ எடுக்கட்டும்," என்றாளாம்.

ஹெச்.எம். கதவைப் பிடித்தபடி நின்றிருக்கிறார். நாலு பையன்கள் அந்தப் பெரியவரை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறுவதை அவர் மனசுக்குள் பார்த்திருக்க வேண்டும். நல்ல மனிதர், அவருக்கு அதைத் தாங்க முடியவில்லை.

"அதெப்பிடி டீச்சர், அவ்ளோ பெரிய மனுஷனப் போய்..." என்று ஆரம்பித்தவர், வசந்தாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாராம். தலையைக் குனிந்துகொண்டு சொன்னாராம்:

"நீங்க கிளாஸ் எடுங்க டீச்சர்."

ஜூன் மாதத்திலிருந்து வசந்தா அவரிடம் கேட்டுக்கொண்டிருந்தது இதை ஒன்றைத்தான்.